காக்கா சாப்பிடாமல் ஆயா சாப்பிடமாட்டாள்

மரக்காணம்,
மாசி 10.

மரியாதைக்குரிய அண்ணி தையல்நாயகி அவர்களுக்கு, உங்கள் தம்பி பெண்சாதி பாஞ்சாலை கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் இரண்டு ஆடுகளும் பால்வாடிப் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். குயிலாப்பாளையத்தில் நீங்களும் மருமகன் ராஜ்கமலும் சுகமாக இருக்கவும், உங்கள் முட்டிவலியும் என்மேல் உள்ள கோபமும் கொஞ்சமாவது இறங்கியிருக்கவும் அம்மனை வேண்டிக்கொள்கிறேன். முட்டிக்கு நொச்சி இலை வதக்கிக் கட்டுங்கள். கோபத்துக்கு இந்தக் கடிதத்தைக் கடைசி வரைக்கும் படியுங்கள்.

நீங்கள் பாண்டி பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பிய சேதி ஒரு எழுத்துக் குறையாமல் வந்து சேர்ந்தது. அவர் பஸ்ஸை நிறுத்தி, படியில் நின்றபடியே, உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அத்தனை பேரும் கேட்க, "பாஞ்சாலைன்றது யாரும்மா? உங்க நாத்தனா சொல்லச் சொன்னாங்க! புருசனோட தலைத் தெவசத்துக்கே வராதவளுக்கு இனிமே அண்ணியும் கெடையாது, அண்ணி வூடும் கெடையாதாம்! எலை போட்டு வெயில் சாயற வரைக்கும் ஒரு காக்கா எட்டிப் பாக்கலியாம்! பொண்டாட்டி இல்லாத எடத்துக்கு அவன் எப்படி வருவான்னு கேக்கச் சொன்னாங்க!" என்று கத்தினார். அப்புறம் குரலை இறக்கி, "கோச்சுக்காதம்மா, நான் சொல்லலை, அவங்க சொன்னது" என்று விசில் ஊதிப் போய்விட்டார். ஜன்னலோரம் இருந்த யாரோ ஒரு அம்மா மட்டும் தலையை வெளியே நீட்டி, "ஏம்மா, போயிருக்கலாமில்ல?" என்று கேட்டுக்கொண்டே போனார். ஓடுகிற பஸ்ஸுக்கு எப்படிப் பதில் சொல்வது? அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். நாலாவது வரைக்கும் படித்தவள், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி, எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் தாய்மாமனுக்கு மருமகனே எள்ளும் தண்ணீரும் இறைக்கட்டும், அது என் வீட்டிலேயே நடக்கட்டும் என்று நீங்கள் சொன்னபோது நான் சரி என்றுதான் சொன்னேன். அன்றைக்குக் காலையில் எழுந்து குளித்து, பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் விரதம் இருந்தேன். பிள்ளைகளுக்கு உலை வைத்து இறக்கிவிட்டுப் பத்து மணி பஸ்ஸில் ஏறிவிடலாம் என்று முந்தின நாள் காலையிலேயே மாற்றுப் புடவைகூடப் பையில் எடுத்து வைத்திருந்தேன். அந்தப் பை இன்னும் அப்படியே ஆணியில் தொங்குகிறது.

எங்கள் பால்வாடி சங்கதி உங்களுக்கு முழுக்கத் தெரியாது. கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்து பிள்ளைகள் போன பிறகு, கீற்றுக் கூரை ஆகாது என்று எங்கள் கூரையையும் பிரித்துப் போட்டார்கள். பிரிக்க வந்தவர்கள் மாற்றுக்கூரை கொண்டுவரவில்லை. புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் கடல் வந்தது. கடல் போன தடத்திலேயே டிரஸ்டுக்காரர்கள் வந்தார்கள். ஒரு டிரஸ்டு பிள்ளைகளை எடை போடத் தராசு கொடுத்தது. இன்னொரு டிரஸ்டு அதைவிடப் பெரிய தராசு கொடுத்தது. மூன்றாவது டிரஸ்டு, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டது. மலர்கொடி டீச்சர் வாயைத் திறந்து "அடுப்பு" என்றார். ஒரு வாரத்தில் தராசு வந்தது. அடுப்பில் டிரஸ்டு பேரை எழுதினால் கரி பிடித்துவிடுமாம், போட்டோவில் தெரியாதாம். ஆக, எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு தராசிலும் ஒவ்வொரு எடை காட்டுவார்கள். சமையல் மட்டும் மூன்று செங்கல்லில்.

கடைசியாக வந்த டிரஸ்டுதான் சுவரும் கூரையும் போட்டுக் கொடுத்தது. அரிசி, பருப்பு, முட்டை, டீச்சர் சம்பளம், என் சம்பளம் எல்லாம் கவர்மெண்டு. இப்போது சண்டை போர்டில் வந்தது. வாசலுக்கு மேலே எங்கள் போர்டு இல்லாவிட்டால் இது எங்கள் சென்டரே இல்லை என்று கவர்மெண்டு சொன்னது. எங்கள் போர்டு இல்லாவிட்டால் கூரைக்கு அடுத்த வருஷம் பெயிண்டு இல்லை என்று டிரஸ்டு சொன்னது. வாசலோ ஒன்று. டீச்சர் யோசித்து, ஒரே தகரத்தில் இந்தப் பக்கம் கவர்மெண்டையும் அந்தப் பக்கம் டிரஸ்டையும் எழுதிக் கம்பியில் தொங்கவிட்டார். வெள்ளை ஜீப்பு வந்தால் ஒரு பக்கம், நீல வேன் வந்தால் மறுபக்கம். பிள்ளைகளுக்கு அ, ஆ தெரிவதற்கு முன்னால் இது தெரியும். தூரத்தில் புழுதியைப் பார்த்ததும், "டீச்சர், வெள்ள! வெள்ள!" என்று கத்துவார்கள். டீச்சர் ஓடிப் போய்த் திருப்புவார். இதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை அண்ணி, ரெண்டும் ஒரே நாளில் வராத வரைக்கும்.

தெவசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சேதி வந்தது, நாளைக்கு ரெண்டு பேரும் வருகிறார்கள் என்று. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாஞ்சாலக்கா, நாளைக்கு மட்டும் போயிடாத. ஆயா இல்லன்னா அதையே கொறைன்னு எழுதிடுவாங்க" என்று அழாத குறையாகச் சொன்னார். இந்தத் தடவை ஒரு குறை இருந்தாலும் எங்கள் சென்டரை மூடி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய சென்டரோடு சேர்த்துவிடுவதாகப் போன மாதமே சொல்லியிருந்தார்கள். அந்த ரோடு உங்களுக்குத் தெரியும். நீங்களே அதைத் தாண்ட என் தோளைப் பிடித்துக்கொள்வீர்கள். மூன்று வயதுப் பிள்ளை எப்படித் தாண்டும்? தாண்டாது. தாய்மார்கள் பிள்ளையைப் பழையபடி உப்புப் பாத்தி வரப்பில் உட்கார வைத்துவிட்டு வேலை பார்ப்பார்கள். அந்த வெயிலும் வெள்ளையும் பெரியவர்கள் கண்ணுக்கே ஆகாது. என்னைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன் அண்ணி, மறைக்கவில்லை. உங்கள் தம்பி பாத்தியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே போனதிலிருந்து, இந்தப் பிள்ளைகள் போடும் சத்தத்தில்தான் எனக்குப் பகல் கழிகிறது. அது ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் நான் எந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பேன்? அதனால் இருந்துவிட்டேன். மத்தியானத்துக்குள் முடிந்துவிடும், சாயங்காலப் படையலுக்காவது வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

காக்கா விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை இன்ஸ்பெக்‌ஷனில், முட்டை போடும் நாளில் காக்கா வந்து பிள்ளைகள் தட்டிலிருந்து கொத்திக்கொண்டு போவதை ஆபீசர் அம்மா கண்ணாலே பார்த்துவிட்டார். கோட்டக்குப்பத்து ஆஸிஃபா மேடம். நல்லவர், ஆனால் கறார். "பிள்ளைங்க முட்டையைக் காக்கா தின்றதுக்கா கவர்மெண்டு குடுக்குது? அடுத்த தடவை நான் வரும்போது இங்க ஒரு காக்கா கண்ல படக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதனால் முந்தின நாள் சாயங்காலமே நான் கொல்லையில் பயிருக்குக் கட்டுகிற மாதிரி, கேசட்டு நாடாவை இழுத்து முற்றத்தைச் சுற்றிலும் கட்டிவிட்டேன். வெயிலில் மின்னும், காற்றில் உறுமும், காக்கா அண்டாது. எந்தக் கேசட்டு என்று கேட்பீர்கள். உங்கள் தம்பி பிஸ்கோத்து டப்பாவில் வைத்திருந்த கூத்துக் கேசட்டுகள்தான். டேப்பு ரிக்கார்டர் நாடாவைத் தின்று வெகுநாள் ஆகிறது, இனி அவை பாடப்போவதில்லை. அவர் கேட்ட நாடாவை என் கையாலேயே கட்டி, அவரையே வராமல் தடுக்கிறோம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

மறுநாள் வெள்ளை ஜீப்பும் நீல வேனும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. பிள்ளைகள் பாதிப்பேர் "வெள்ள!" பாதிப்பேர் "நீலம்!" டீச்சர் போர்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் விட்டுவிட்டார். கடல்காற்றில் அது ராட்டினம் மாதிரி சுற்ற ஆரம்பித்தது. ஆஸிஃபா மேடம் கீழே நின்று இரண்டு சுற்றுப் பார்த்தார். டிரஸ்டு தட்சணாமூர்த்தி சாரும் பார்த்தார். அவரோடு வந்த வெள்ளைக்கார அம்மா மட்டும் சந்தோஷமாகப் போட்டோ எடுத்தார்.

சாதம், சாம்பார், முட்டை எல்லாம் தயாராக இருந்தது. ஆஸிஃபா மேடம் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ம், சரி. ஆக்குனவங்க மொதல்ல ஒரு வாய் சாப்புடுங்க. அப்புறம்தான் பிள்ளைங்களுக்கு" என்றார். அது ரூல். சமைத்தவள் தான் வாயில் போடாததைப் பிள்ளை வாயில் போடக்கூடாது. நல்ல ரூல்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தெவசத்தன்று காக்காவுக்கு வைத்து, அது தின்ற பிறகுதானே நாம் வாயில் வைக்கவேண்டும்? அத்தனை பேர் முன்னால் நல்ல நாளும் அதுவுமாகச் செத்தவர் பேச்சை எடுக்க வாய் வரவில்லை. "வேணாங்க மேடம்" என்றேன்.

"ஏன் வேணாம்?"

"இப்ப வேணாங்க."

அவ்வளவுதான். ஆஸிஃபா மேடம் முகம் மாறிவிட்டது. அரிசி மூட்டையைப் பிரித்தார், வண்டு இல்லை. பருப்பை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்தார். டீச்சர், "நான் சாப்புடறேன் மேடம்" என்று தட்டோடு ஓடிவந்தார். "நீங்களா ஆக்குனீங்க? பேசாம இருங்க" என்றார் மேடம். தட்சணாமூர்த்தி சார் பயந்துபோய், "ஏம்மா, பல்லி கில்லி வுழுந்துடுச்சா? சொல்லிடும்மா, ஃபாரின்காரங்க வந்திருக்காங்க!" என்று கிசுகிசுத்தார். பசியில் செந்தமிழ் என்கிற குட்டி, "ஆயா, முட்டை எப்போ?" என்று என் முந்தானையை இழுத்தது. இனிமேல் மறைத்தால் சென்டர் போய்விடும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இன்றைக்கு என் வீட்டுக்காரருக்குத் தலைத் தெவசம், நான் விரதம், காக்கா சாப்பிடாமல் நான் சாப்பிடக்கூடாது என்று.

ஆஸிஃபா மேடம் கையில் இருந்த பருப்பை மூட்டையிலேயே போட்டார். "நோன்புன்னு மொதல்லயே சொல்றதுக்கென்னம்மா? நோன்புல இருக்கறவங்களைத் தின்னுன்னு நான் சொல்வேனா?" என்றார். சட்டியைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா ரூலு ரூலுதான். உன் நோன்பையும் நான் முறிக்க முடியாது, கவர்மெண்டு ரூலையும் முறிக்க முடியாது. ஒண்ணு பண்ணு. காக்காவைக் கூப்புடு."

நான் வாதாம் இலையில் ஒரு உருண்டை சோறு வைத்து, மதிலில் வைத்துக் கூப்பிட்டேன். டீச்சர் கூப்பிட்டார். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கா, கா என்று கத்தியதில், வேப்ப மரத்தில் இருந்த ரெண்டு காக்காவும் பறந்து பெரிய சென்டர் பக்கமே போய்விட்டன. ஆஸிஃபா மேடம் பிள்ளைகளை வாயில் விரலை வைக்கச் சொல்லிவிட்டுத் தானே மதிலருகே போய், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக "கா... கா..." என்றார். டிரைவர் திரும்பி நின்றுகொண்டார், சிரிப்பதை மேடம் பார்க்கக்கூடாது என்று. வெள்ளைக்கார அம்மா என்ன நடக்கிறது என்று கேட்க, தட்சணாமூர்த்தி சார் அவர் பாஷையில் என்னமோ நீளமாகச் சொன்னார். அந்த அம்மா கண்ணை அகல விரித்து, தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார்.

காக்கா வரவே இல்லை. அப்போதுதான் காற்றில் அந்த நாடா உறுமுவது என் காதில் விழுந்தது. போட்டதைப் போட்டபடி விட்டேன். போய் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். டீச்சர், "அக்கா, அது மேடம் சொல்லித்தானே கட்டுனோம்" என்றார். மேடம், "நான்தான் சொன்னேன், இப்ப நானே சொல்றேன், அவுக்கட்டும்" என்றார். நாடாவைச் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் உப்பு அம்பாரம் இருக்கும் பக்கத்திலிருந்து ஒற்றைக் காக்கா வந்தது. மதிலில் உட்கார்ந்தது. சோற்று உருண்டையை ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. அலகில் ஒரு பருக்கை எடுத்தது, கீழே போட்டது. அந்த நேரம் பார்த்து, போட்டோவுக்காகச் செந்தமிழுக்கு முட்டை ஊட்டுகிற மாதிரி கையை நீட்டி நின்றுகொண்டிருந்தார் தட்சணாமூர்த்தி சார். ஒரே பாய்ச்சல். முட்டை போயிற்று. சார் "ஐயோ" என்று மண்ணில் உட்கார்ந்தார். பிள்ளைகள் கை தட்டின. செந்தமிழ் மட்டும் என் முட்டை என்று அழுதது. முட்டையைக் கண்டால் சோற்றைத் தள்ளிவைக்கிறவர் யார் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை அண்ணி. சின்ன வயதில் உங்கள் தட்டிலிருந்து எத்தனை எடுத்திருப்பார்.

டீச்சருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "படையல் சோத்தைத் திங்கணும்கா. முட்டை கணக்குல வருமா?" என்றார். ஆஸிஃபா மேடம், "சாப்பாட்டுலேர்ந்து எடுத்துச்சா இல்லையா? எடுத்தாச்சு. நீ வாயில போடும்மா, பிள்ளைங்க பசியா இருக்கு" என்றார். நான் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தேன்.

உப்பு இல்லை அண்ணி. ஒரு கல் உப்புக்கூட இல்லை. விரதமாக இருந்ததால் ருசி பார்க்கவில்லை, ஆனால் போட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். வாசலுக்கு வெளியே வீடு உயரத்துக்கு உப்பு குவித்து வைத்திருக்கிறார்கள், நான் ஆக்கிய சாம்பாரில் உப்பு இல்லை. "உப்பளத்துல பொறந்தவ, உப்பு மட்டும் போடத் தெரியாது" என்று உங்கள் தம்பி தினமும் சொல்வார், நானும் தினமும் சண்டை போடுவேன். அந்தக் கவளத்தை மென்றுகொண்டே இருந்தேன். ஆஸிஃபா மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானும் ஒரு வாய் எடுத்து வைத்தார். "இதுக்குத்தாம்மா அந்த ரூலு" என்றார். திட்டவில்லை. டிரைவரை அனுப்பி அம்பாரத்திலிருந்து ஒரு கை உப்பு எடுத்துவரச் சொல்லி, கரைத்து ஊற்றி, பிள்ளைகளுக்குப் போட்டோம். செந்தமிழுக்கு இரண்டு முட்டை.

முடிவையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்கார அம்மாவுக்கு நம் சென்டர் ரொம்பப் பிடித்துவிட்டது. பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் பறவையை வைத்துச் சாப்பாட்டைச் சோதிக்கிறோம் என்று தட்சணாமூர்த்தி சார் சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு ஏற்பாட்டை எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்று சொல்லி, காக்காவுக்குச் சிமெண்டு மேடை கட்ட டிரஸ்டு ஒப்புக்கொண்டது. மேடை முன்பக்கம் டிரஸ்டு பேர் வரும். டீச்சர் அடுப்பு கேட்டுப் பார்த்தார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். ஆஸிஃபா மேடம் சென்டரை இப்போதைக்கு மூடவில்லை. உப்பு இல்லாததற்காக மறுபடி ஒரு தரம் வந்து பார்த்துத்தான் முடிவு எழுதுவாராம். போகும்போது, "அடுத்த தடவை ஒரு காக்கா கண்ல படக்கூடாது, நாடாவைத் திரும்பக் கட்டிடு" என்று சொல்லிவிட்டு, அவரே சிரித்துவிட்டார்.

எல்லாம் முடிந்தபோது சாயங்காலப் படையலுக்குள் வந்துசேரும் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. நான் வராதது தப்புத்தான். ஆனால் உங்கள் வீட்டில் இலை போட்டுக் காத்திருந்தும் காக்கா வரவில்லை என்று சொல்லி அனுப்பினீர்களே, அது எப்படி வரும் அண்ணி? அது இங்கே இருந்தது. பொண்டாட்டி இல்லாத இடத்துக்கு அவன் எப்படி வருவான் என்று நீங்கள் கேட்டது சரியாகத்தான் போயிற்று. இதை எழுதும்போது எனக்கு மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது. உங்களுக்கும் இருக்கட்டும்.

ராஜ்கமலுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். பதில் எழுதினால் தபாலில் எழுதுங்கள், கண்டக்டர் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பெண்சாதி
பாஞ்சாலை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது மலர்கொடி டீச்சர் தினக்காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, அவர் போனது மாசி மாசம் வளர்பிறை சப்தமி இல்ல? அது இன்னும் வரவேயில்லியே! மாசி இருபத்திரெண்டுதான் திதி" என்கிறார். ராஜ்கமலுக்கு லீவு கேட்க வசதியாக இருக்கும் என்று நீங்கள் இங்கிலீஷ் தேதியை வைத்துச் சொன்னீர்கள், நானும் யோசிக்காமல் தலையாட்டினேன். ஆகவே மேலே எழுதியது எல்லாம் தள்ளுபடி. உங்கள் வீட்டுக்குக் காக்கா வராததற்கு நான் காரணமில்லை, இங்கே வந்தது உங்கள் தம்பியும் இல்லை. ஏதோ ஒரு முட்டைத் திருடன். ஆனால் அந்தத் திருடன் தினமும் அதே நேரத்துக்கு மதிலில் வந்து உட்காருகிறான், நானும் இன்னும் நாடாவைக் கட்டவில்லை. இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த மாசி இருபத்திரண்டு, திங்கட்கிழமை அன்றுதான் ஆஸிஃபா மேடம் மறுபடி வருகிறார். நான் வர முடியாது அண்ணி. இந்தத் தடவை நீங்களும் ராஜ்கமலும் இங்கே வந்துவிடுங்கள், ரோட்டைத் தாண்ட நான் வந்து நிற்கிறேன். அன்றைக்கும் நான் விரதம், ருசி பார்க்க முடியாது. சாம்பாருக்கு உப்பை மட்டும் நீங்கள் வந்து உங்கள் கையால் போடுங்கள். காக்காவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அதற்கு இங்கே வழி தெரியும்.